தெம்பனிஸுக்கு உயர்தெளிவுத் தொலைக்காட்சி வந்த வழி

சிங்கப்பூரின் கிழக்கே, மணல் தோண்டிய குழிகள் கிடந்த நிலத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) எழுப்பிய தெம்பனிஸ் நகர், 1992இல் உலகக் குடியிருப்பு விருது பெற்றதற்காகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. தொலைக்காட்சி வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. 1995 ஜூனில் சிங்கப்பூர் கேபிள் விஷன் நிறுவனம் தன் கம்பிவடச் சேவையைத் தொடங்கியபோது முதலில் இணைப்புப் பெற்றவை இந்நகரின் அடுக்குமாடி வீடுகளே. புளோக்கின் அருகுவரை ஒளியிழையும் அங்கிருந்து வீட்டுச் சுவர்வரை செப்பு வடமும் இழுக்கப்பட்டன. சந்தா கட்டாத குடும்பங்களும் இலவச ஒளிவழிகளை அதே சுவர்முனையின் வழியாகவே பெற்றன. ஒரு வீட்டுக்கு எந்தத் தொலைக்காட்சிப் பெட்டி பொருந்தும் என்பதை அதன் விலையையும் அளவையும்விட, படம் அவ்வீட்டுக்குள் நுழையும் வழியே தீர்மானித்து வந்திருக்கிறது என்பதற்குத் தெம்பனிஸைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் அப்போதைய கலாசார அமைச்சருமான எஸ்.ராஜரத்தினம் 1963 பிப்ரவரி 15 அன்று தொடங்கிவைத்த சிங்கப்பூர்த் தொலைக்காட்சி ஒளிபரப்பு, படத்தை 625 கிடைக்கோடுகளாகப் பிரித்து அனுப்பும் முறையில் அமைந்தது. அவற்றுள் திரையில் தெரிபவை 576 மட்டுமே. 1974இல் வண்ணம் சேர்ந்தபோது பின்பற்றப்பட்ட ‘பால்’ என்னும் முறையும் அதே கோட்டுக் கணக்கைக் கொண்டிருந்தது. பின்னர் இந்தியாவும் இலங்கையும் வண்ணத்துக்கு அதே முறையைத் தேர்ந்ததால், சிராங்கூன் சாலையிலும் சையது ஆல்வி சாலையிலும் வாங்கி விமானத்தில் ஏற்றிச் சென்ற பெட்டி, திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ மாற்றம் ஏதுமின்றிப் படம் காட்டியது. அச்சாலைகள் அமைந்த லிட்டில் இந்தியாவின் மின்பொருள் வணிகம் தழைத்ததில் இந்தப் பொருத்தத்துக்குப் பெரும் பங்குண்டு.

உயர்தெளிவுத் தொலைக்காட்சி என்பது இந்தக் கோட்டுக் கணக்கைத் தாண்டிச் சென்ற முயற்சியாகும். 1964 தோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்குப் பின் ஜப்பானின் என்எச்கே நிறுவனம் தொடங்கிய ஆய்வு, பல்லாண்டு உழைப்புக்குப் பின் 1125 கோடுகள் கொண்ட முறையாக முதிர்ந்தது. இன்று நிலைபெற்றிருக்கும் முழு உயர்தெளிவுப் படம் 1920 நிரல்களும் 1080 வரிகளுமாக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட படப்புள்ளிகளைக் கொண்டது. எண்ணியல் வடிவில் 720க்கு 576 என அமைந்த பழைய படத்தைப்போல் இது ஐந்து மடங்காகும்.

சிங்கப்பூரில் 2007 நவம்பரில் எச்டி5 என்ற உயர்தெளிவு ஒளிவழி வந்தது. அதற்குச் சற்று முன்னர் தெம்பனிஸ் வடக்கில் திறக்கப்பட்ட கோர்ட்ஸ் போன்ற கிடங்குக் கடைகளில் தட்டைத்திரைப் பெட்டிகள் வரிசையாக நின்றன. எனினும் ‘எச்டி ரெடி’ என்ற ஒட்டுவில்லை, அப்பெட்டி உயர்தெளிவுச் சமிக்ஞையை ஏற்கும் என்பதற்கே உறுதி கூறியதேயன்றி, வான்வழி வரும் சமிக்ஞையைத் தானே பிடித்துப் பிரித்துக் காட்டும் என்பதற்கன்று. 2013 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப்பின் ஏழு ஒளிவழிகளும் டிவிபி-டி2 என்ற இரண்டாம் தலைமுறை எண்ணியல் முறைக்கு வந்தபோது இந்த வேறுபாடு வீட்டுக்கு வீடு உணரப்பட்டது. தொடக்கத்தில் சீன மொழியோடு ஒளிவழி 8ஐப் பகிர்ந்துகொண்டு, 2008இல்தான் ‘வசந்தம்’ என்ற தனி ஒளிவழி பெற்ற தமிழ், அன்று ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு ஒரே நாளில் உயர்தெளிவில் ஏறியது. வசந்தம் பின்னால் வரட்டும் என்று நிறுத்திவைக்கப்படாதது சிறுபான்மை மொழியொன்றுக்குக் கிடைத்த உண்மையான சமத்துவமாகும். ஆயினும் அதைக் காண டி2 ஏற்பி உள்ளமைந்த பெட்டியோ தனி செட்-டாப் பாக்ஸோ வேண்டியிருந்ததோடு, கம்பிவடத்துக்கு முதலில் மாறிய நகரிலேயே சந்தாதாரர் அல்லாதோர் சன்னலோரத்தில் சிறு ஆன்டெனாவை மீண்டும் வைக்க நேர்ந்தது. அந்த மாற்றத்துக்கு உதவ, கட்டணத் தொலைக்காட்சி இல்லாத வீவக குடும்பங்களுக்கு 2018இல் அரசு 100 வெள்ளி வழங்கியது.

அதே 2013இல், ஆகஸ்ட் 26 முதல், பயணிகள் கொண்டுவரும் தட்டைத்திரைப் பெட்டிகளுக்குச் சலுகையின்றி 36.05 விழுக்காடு சுங்கவரி விதிக்க இந்தியா முடிவு செய்ததால், லிட்டில் இந்தியாவிலிருந்து ஊருக்குப் பெட்டி சுமந்து செல்லும் வழக்கமும் பொருளிழந்தது.

சிங்கப்பூரில் பழைய ஒளிபரப்பு 2019 தொடக்கத்தில் நின்றது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் ஸ்டார்ஹப் நிறுவனம், சிங்கப்பூர் கேபிள் விஷனிடமிருந்து தான் பெற்ற கம்பிவடச் சேவையையும் மூடி ஒளியிழைக்கு முற்றிலும் மாறியது. கடைகளில் அதற்குள் 3840க்கு 2160 படப்புள்ளிகள் கொண்ட 4கே பெட்டிகளே நிறைந்திருந்தன. மனிதக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குக் குறைவான நுட்பத்தைப் பிரித்தறிவதில்லை என்பதால், முழு உயர்தெளிவின் பயனை முழுதாகப் பெறத் திரை உயரத்தின் மூன்று மடங்கு தொலைவே ஏற்றது. 55 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர். எனவே அத்தொலைவு சுமார் 2 மீட்டர். சோபா 3 மீட்டர் தள்ளியிருக்கும் கூடத்தில் அதே அளவு 4கே திரை கூடுதலாகக் காட்டும் புள்ளிகளைக் கண் அறியாது. அங்கே அந்தப் பணத்தை நிற ஆழமும் கருமையும் சிறந்த திரைக்குச் செலவிடுவதே பயன் தரும்.