ஊஞ்சல் சொன்ன கணக்கு

நேற்று மாலை பேகம்பூரில் எங்கள் வீட்டு ஊஞ்சலில் பேத்தி ஆடிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது.

எட்டாம் வகுப்பில் தனி ஊசல் பாடம். "வீச்சு கூடினாலும் குறைந்தாலும் அலைவு காலம் மாறாது" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஒரு பையன் ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டி, நன்றாக இழுத்துவிட்டுப் பத்து அலைவுகளை எண்ணினான். "சார், ஒரு விநாடி கூட வருது" என்றான். "எண்ணினது தப்பு, உட்காரு" என்று அதட்டிவிட்டேன்.

தப்பு அவனுடையது அல்ல. காற்றின் தடையை விட்டுவிட்டால், சிறிய வீச்சில் பத்து அலைவுக்கு ஏறக்குறைய 20 விநாடி ஆகும். 60 பாகை இழுத்து விட்டால் 21.5 விநாடி. "சிறு கோணத்துக்கு மட்டும்" என்ற மூன்று சொற்களை நான் விழுங்கிவிட்டேன்.

இந்தத் தடுமாற்றம் பெரியவர்களுக்கும் இருந்தது. கலிலியோ 1602-இல் எழுதிய கடிதத்தில், வீச்சு மாறினாலும் காலம் மாறாது என்றே சாதித்தார். ஊசல் கடிகாரம் செய்த ஹைகன்ஸ் அது சரியில்லை என்று கண்டார். உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரைகிற வளைவில் ஆடினால்தான் காலம் மாறாது என்று 1673-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

ஏன் இப்படி? ஊசல் நேராகத் தொங்குவது அதன் சமநிலை. அதிலிருந்து விலக்கினால் திருப்பி இழுக்கும் விசை கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது. நாம் சைனைத் தூக்கிவிட்டுக் கோணத்தையே வைத்துக்கொள்கிறோம். மீதி உறுப்புகள் குப்பைக்குப் போகின்றன.

பிரான்சின் பொன்காரே 1879-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வேறு வழியைக் காட்டினார். அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். அளக்கும் அளவுகோலை மாற்றினால் அவை தாமாக மறைகின்றனவா என்று பார்ப்போம் என்றார். ஊஞ்சலை வைத்தே இதைச் சொல்லலாம். தாளம் தப்பித் தள்ளினால் ஒரு தள்ளு கூட்டும், மறு தள்ளு குறைக்கும். கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. தாளத்தோடு தள்ளினால் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் ஒத்ததிர்வு. சமன்பாட்டிலும் தாளம் தப்பிய உறுப்புகளை நீக்கிவிடலாம், தாளத்தோடு சேர்ந்தவற்றை நீக்க முடியாது. அவை மட்டும் மிஞ்சி நிற்கும் எளிய உருவத்துக்கு இயல் வடிவம் என்று பெயர். 1927-இல் அமெரிக்காவின் பிர்காஃப் தம் நூலில், ஊசல் போல ஆற்றல் குறையாத அமைப்புகளுக்கு இதை விரிவாக்கினார். ஊசலின் இயல் வடிவத்தில் மிஞ்சுவது ஒரே செய்தி: வீச்சு கூடினால் ஆட்டம் மெதுவாகும். என் மாணவன் கண்டது இதைத்தான்!

இதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1974-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி.எம். மேத்யூசும் எம். லட்சுமணனும் ஒரு நேரியலற்ற அலையியற்றியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் சமன்பாடு சிக்கலானது. ஆனால் தீர்வு நாம் பள்ளியில் வரைகிற அதே சைன் அலை. தோராயம் எதுவும் இல்லை. ஒரே வேறுபாடு, வீச்சு மாறினால் அதிர்வெண்ணும் மாறும். இன்றும் அதை மேத்யூஸ்-லட்சுமணன் அலையியற்றி என்றே உலகம் அழைக்கிறது. லட்சுமணன் பிறகு நமக்குப் பக்கத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நேரியலற்ற இயக்கவியல் ஆய்வை வளர்த்தார்.

அந்தக் கட்டுரை வந்தபோது நான் பள்ளி மாணவன். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ மட்டும் படித்த எனக்கு இதெல்லாம் ஓய்வுபெற்ற பின்புதான் தெரிய வந்தது. ஆனால் அந்தப் பையன் சொன்னதை நம்ப டிப்ளமோ கூடத் தேவையில்லை. கடிகாரத்தை வாங்கி நானும் ஒருமுறை எண்ணியிருந்தால் போதும்.

தம்பி, இதைப் படித்தால் மன்னித்துவிடு. நீ சரியாகத்தான் எண்ணினாய். இப்போது வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை ஒரு விநாடி கூட வருகிறது என்றால், உட்காரச் சொல்லாதீர்கள். இன்னொரு முறை எண்ணச் சொல்லுங்கள்.