களைக்குத் தேதி குறித்த கதை

எங்க ஊர் தூத்துக்குடியில விளையாட்டுன்னாலே தருவை மைதானம்தான். 'தருவை'ன்னா எங்க பக்கத்துல, மழைக்கு நிறைஞ்சு வெயிலுக்கு வத்திப் போற தாழ்வான நீர்நிலை. எந்த ஊர் மைதானமா இருந்தாலும் சரி, ஒரு போட்டி வருதுன்னா முதல் வேலை செதுக்குறது. நெருஞ்சி, தும்பை, எருக்கு எல்லாம் மண்வெட்டிக்குப் பலி. அப்புறம் சுண்ணாம்புக்கோடு. யாரும் உட்கார்ந்து காட்டுப்பூ விதைச்சதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு அதைத்தான் செய்தார்கள். ஏறத்தாழ 10 ஹெக்டேருக்கு, அதாவது நம்ம கணக்குக்கு 25 ஏக்கருக்குப் பூவெளி!

இடம் கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்டு, லீ ஆற்றுப் பள்ளத்தாக்கு. நூறு வருஷத்துக்கு மேல் தொழிற்சாலைக் கழிவைக் குடித்த மண். பழைய ஃப்ரிட்ஜுகளை மலையாகக் குவித்து வைத்திருந்த பகுதி. மண்ணைத் தோண்டி, இயந்திரத்தில் போட்டு அலசி, திரும்பக் கொட்டினார்கள். அதுக்குப் பிறகு வந்தவர்கள்தான் ஷெஃபீல்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நைஜல் டன்னெட், ஜேம்ஸ் ஹிட்ச்மோ. தோட்ட வடிவமைப்பாளர் சாரா பிரைஸும் கூட இருந்தார்.

காட்டுப்பூ வேணும்னா எருப் போடக்கூடாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். மண் கொழுத்தால் புல்லும் முரட்டுக்களையும் எழுந்து பூச்செடியை அமுக்கிவிடும். மண்ணில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் களைவிதை முளைக்காமலிருக்க, மேலே ஒரு கனத்த மணல் படுகை விரித்து அதில் விதைப்பது ஹிட்ச்மோவின் முறை. தேரி மணலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைக் கேட்கவே குளிர்ச்சியா இருந்துச்சு.

அடுத்த சிக்கல் தேதி. நாங்க சாஃப்ட்வேர்க்காரங்க ரிலீஸ் தேதியைத் தள்ளிப்போடலாம், க்ளையண்ட் கொஞ்சம் கத்துவான், அவ்வளவுதான். தொடக்க விழா ஜூலை 27-ஐ யார் தள்ளிப்போடுவது? இங்கிலாந்தின் பூவெளிகளுக்கு ஜூன் மாதம்தான் உச்சம், ஜூலைக் கடைசியில் பாதி காய்ந்து நிற்கும். அதனால் ஒரு பருவச் செடிகளின் விதைப்பைத் தாமதப்படுத்தினார்கள். பல்லாண்டுச் செடிகளை இடையில் ஒருமுறை வெட்டிவிட்டு, மறுபடி துளிர்த்துப் பூக்க வைத்தார்கள். எல்லாத்தையும் முந்தைய வருஷங்களிலேயே விதைத்து ஒத்திகையும் பார்த்தாயிற்று.

இந்த ஒத்திகை எங்க கடற்கரைக்குப் புதுசில்லை. முத்துக்குளிப்பு அறிவிக்கும் முன்னால் பாரில் மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தை மதிப்புப் போட்டுப் பார்த்துத்தான் தேதி குறிப்பார்கள். அவசரப்பட்டால் முத்து சிறுசு, காத்திருந்தால் சிப்பி செத்துப்போகும். எங்க கடலில் 1961-ல் கடைசியாக நடந்தது.

லண்டனில் இத்தனை ஒத்திகை பார்த்தும், வானம் சொன்னபடி கேட்கவில்லை. 2012 ஏப்ரல் தொடக்கத்தில் வறட்சி, தோட்டத்துக்குக் குழாயில் தண்ணீர் பாய்ச்சத் தடை. தடை வந்த அதே மாதம் பிடித்த மழை ஜூனிலும் விடவில்லை. ஆனாலும் பூத்தது. மைதானத்தைச் சுற்றித் தங்க வளையமாக கார்ன் மேரிகோல்டு, கலிஃபோர்னியா பாப்பி, கோரியாப்சிஸ், நடுநடுவே நீலத்தில் கார்ன்ஃப்ளவர்.

இந்த கார்ன் மேரிகோல்டு நம்ம சாமந்திக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அந்த ஊர் விவசாயிக்குப் பரம எதிரி. இடைக்கால ஸ்காட்லாந்தில் இதை வயலில் விட்டுவைத்த குத்தகைக்காரருக்கு அபராதமே உண்டு! 1930-களுக்கும் 1980-களுக்கும் நடுவில் இங்கிலாந்து தன் பழைய பூவெளிகளில் சுமார் 97 சதவீதத்தை உழுதும் உரம்போட்டும் தொலைத்தது. தொலைத்ததை இப்போது நிபுணர் வைத்து, கணக்குப் போட்டு விதைக்கிறார்கள்.

நான் இந்தப் பூவெளியின் ரசிகன்தான். ஆனால் ஒரு விஷயம் உறுத்துது. அதே இடத்தில் மேனர் கார்டன் என்று ஒரு காய்கறித் தோட்டம் இருந்தது. ஆர்தர் வில்லியர்ஸ் என்ற கனவான் சாதாரண ஜனங்கள் பயிரிட ஒதுக்கிய நிலம். 80 சொச்சம் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். பல தேசத்திலிருந்து வந்தவர்கள் அவரவர் ஊர்க் கீரையை அங்கே போட்டிருந்தார்கள். 2007-ல் பூங்காவுக்காக அத்தனையும் காலி. தோட்டக்காரர்களை லேட்டனில் வேறொரு நிலத்துக்கு அனுப்பினார்கள். பச்சையாக இருந்த இடத்தைத் தட்டிவிட்டு 'பச்சை ஒலிம்பிக்ஸ்' என்று பேர் வைத்ததை எப்படிச் சொல்றது... எங்க பக்கம் உப்பளம் ஓரத்துல அடம்பங்கொடி படர்ந்த மணலை 'சும்மா கிடக்கிற நிலம்'னு சொல்வாங்களே, அந்தக் கண்ணுதான் இதுவும்.

போட்டி முடிந்து பூங்கா பகுதி பகுதியாக 2013, 2014-ல் மக்களுக்குத் திறந்தது. மைதானம் 2016-ல் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் கைக்கு வந்தது. அந்தத் தங்க வளையம் ஒரு பருவத்துப் பயிர், அந்தக் கோடையோடு சரி. தோட்டக்காரர்களில் சிலருக்கு மட்டும் பல வருஷம் கழித்து, பூங்காவின் தெற்கு ஓரத்தில் புட்டிங் மில் பக்கம் ஒரு சின்ன நிலம் கிடைத்தது. அங்கே மறுபடியும் எருப் போட்டு, களை பறிக்கிறார்கள்.