தட்பவெப்ப ஆய்வில் ஐயமும் தெளிவும்

மணிமேகலை கூறும் அளவைக் குற்றங்கள் எட்டனுள் ஐயம் ஒன்று. தேராது தெளிதல் மற்றொன்று. ஐயுற்று நிற்றலும் ஆராயாது துணிதலும் ஒருங்கே குற்றமென எண்ணப்பட்டமை நோக்கத்தக்கது. நிலவுலகு வெப்பமுறுதல் பற்றி எழுந்த வழக்கின் வரலாற்றில் இவ்விரண்டையும் யாம் காண்கின்றோம். ஆயினும், அறிவை வளர்த்த ஐயமும் அதனுள் உண்டு. அதனைப் பிரித்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரியமில வாயு இருமடங்கானால் வெப்பம் ஐந்தாறு பாகை உயருமெனச் சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியசு 1896-இல் கணக்கிட்டார். அந்நாட்டவரான ஆங்சுட்ராம் 1900-இல் இதனை மறுத்தார். குழாயில் அடைத்த வாயுவின் அளவை மாற்றியபோதும் அது கவர்ந்த வெப்பக்கதிரின் அளவு பெரிதும் மாறவில்லை என்பது அவர் காட்டிய சான்று. வானிலை அறிஞர் பலர் இதனை முடிந்த முடிபாகக் கொண்டனர். நீராவி அருகிய வளிமண்டல மேலடுக்குகளில் வாயு மிகுந்தால் வெப்பம் வெளியேறுதல் தடைப்படும் என்பதனை அவர்கள் கருதிற்றிலர். ஈண்டு மறுத்தோரே தேராது தெளிந்தவராயினர்.

1938-இல் நீராவிப் பொறியியலாராகிய காலண்டர், உலகம் ஏறத்தாழ ஐம்பதாண்டுகளாக வெப்பமுற்று வருகின்றதென்றும், எரிபொருளால் மிகும் கரியமில வாயு அதற்குக் காரணமென்றும் இலண்டன் அரச வானிலைக் கழகத்தில் உரைத்தார். வெப்பமானிகள் நம்பத்தக்கனவா, பழைய வாயு அளவீடுகள் திருத்தமானவையா, காற்றோட்டம் கருதப்பட்டதா எனக் கேட்டோர் வினவினர். இவை கூரிய வினாக்கள். எதனை அளத்தல் வேண்டும் என்பதனை இவை உணர்த்தின. 1958-இல் அவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கீலிங் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். அன்று பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த வாயு, 2024-இல் 420-ஐக் கடந்திருந்தது. வாயு மிகுகின்றதா என்னும் ஐயம் அளவையால் தீர்ந்தது.

இனி, வேறுவகை ஐயத்தைக் காண்போம். 1989-இல் அமெரிக்கத் தொழில் நிறுவனங்கள் பல உலகக் காலநிலைக் கூட்டணி என ஓர் அமைப்பை நிறுவின. மாந்தர் செயலால் விளையும் வெப்பமிகுதிக்குச் சான்று போதாதென அது மக்களிடையே வழக்காடியது. ஆனால் 1995-இல் அதன் அறிவியல் அறிவுரைஞர் வரைந்த ஏட்டிலேயே, இக்கொள்கையின் அடிப்படை மறுக்கவொண்ணாதது என்னும் கருத்து இடம்பெற்றிருந்தது. தெளிந்தவற்றின்மேல் ஏற்றப்பட்ட இவ்வையத்தை ஆராய்ச்சி எனல் பொருந்தாது. அவ்வமைப்பு 2002-இல் கலைந்தது.

மறுதரப்பும் குற்றமற்றதன்று. இமயப் பனியாறுகள் 2035-க்குள் மறையக்கூடுமெனப் பன்னாட்டு அரசுகளின் காலநிலைக் குழு 2007-இல் எழுதியது தேராது தெளிந்ததேயாகும். 2010-இல் அக்குழு தன் பிழையை ஒப்புக்கொண்டது. மாந்தரே முதன்மைக் காரணம் என்பதற்கு அக்குழு 2001-இல் நூற்றுக்கு 66, 2007-இல் 90, 2013-இல் 95 எனக் குறைந்தளவு உறுதியைக் குறித்தது. 2021-இல் மாந்தர் செயலால் உலகம் வெப்பமுற்றமை ஐயத்திற்கு இடமற்றது என்றது.

எனினும் ஐயம் முற்றும் ஒழியவில்லை. வாயு இருமடங்கானால் வெப்பம் 2.5 முதல் 4 பாகை வரை உயரக்கூடும் என்பதே 2021-இன் மதிப்பீடு. இவ்விடைவெளியைக் காட்டிக் காத்திருப்போம் என்பார், 4 பாகையும் அதனுள் அடங்கும் என்பதனை மறக்கின்றனர். எச்சான்று கிடைப்பின் தீரும் எனக் கூறும் ஐயம் ஆய்வுக்குத் துணை. எச்சான்றாலும் தீராத ஐயம் வெறும் வழக்கே என்பது எம் துணிபு.