மாதப் பட்டியலும் கூட்டுறவுப் பண்டகசாலையும்

சம்பளம் வந்த மறுநாள் குடும்பத் தலைவியின் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, புழுங்கலரிசி, புளி, மிளகாய், நல்லெண்ணெய், காப்பிக் கொட்டை என்று வரிசையாக எழுதியிருக்கும். பம்பாய் மாதுங்காவிலும், டில்லி கரோல்பாக்கிலும், கல்கத்தா லேக் மார்க்கெட்டுப் பக்கத்திலும் குடியேறிய நம்மவர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டு வரும் காகிதம் இது. வீட்டு வாடகை நம் கையில் இல்லை. பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் இல்லை. ஆகவே, செலவைச் சுருக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் நம் கண் இந்தக் காகிதத்தின் மேல்தான் விழுகிறது. காப்பிக் கொட்டையில் கால் கிலோவைக் குறைக்கிறோம். நல்லெண்ணெய்க்குப் பதில் வேறு எண்ணெய் எழுதுகிறோம். வாயைக் கட்டிச் செய்யும் சிக்கனம் இது.

வேறொரு வகைச் சிக்கனமும் உண்டு. பட்டியலில் ஒன்றையும் அடிக்காமல், கடைக்காரரிடம் நாம் கொடுக்கும் ரூபாயில் பண்டத்துக்கு எவ்வளவு போகிறது, மற்றவற்றுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பது அது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் வரலாறு ஏறக்குறைய 180 ஆண்டுப் பழமையுடையது. அதில் தமிழ்நாட்டுக்கும் நல்லதோர் இடம் உண்டு.

இங்கிலாந்தின் வட பகுதியில் ராச்டேல் என்னும் நெசவு நகரம் இருக்கிறது. 1840களில் அங்கே நெசவாளர்களின் கூலி குறைந்தது. கூலியை உயர்த்தக் கேட்ட போராட்டமும் பலிக்கவில்லை. கூலியைக் கூட்ட வழி இல்லையென்றால், கூலி செலவாகும் வழியையாவது நம் கைக்குள் கொண்டுவருவோம் என்று அவர்களில் சிலர் எண்ணினர். அக்காலத்து மளிகைக் கடை எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மாவில் சுண்ணாம்புப் பொடியும் படிகாரமும் கலப்பது அங்கே வழக்கமாயிருந்தது. தொழிலாளி கடனுக்கு வாங்கியதால், கலப்படம் என்று தெரிந்தும் வேறு கடைக்குப் போக முடியாது. பழைய பாக்கி அவன் காலில் கட்டிய கயிறு.

28 பேர் சேர்ந்தார்கள். வாரம் இரண்டு பென்னி வீதம் சேர்க்கத் தொடங்கி, ஆளுக்கு ஒரு பவுன் என்று 28 பவுன் திரட்டினார்கள். 1844 டிசம்பர் 21ஆம் தேதி மாலை, டோடு லேன் என்ற தெருவில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தில் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவைதான் சரக்கு. தெருப்பையன்கள் கேலி செய்தார்களாம். ஆயினும் அவர்கள் வகுத்த விதிகளே பின்னால் உலகமெங்கும் பரவின. சரியான எடை, கலப்பற்ற பண்டம், ரொக்க வியாபாரம், பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரே வாக்கு. இவற்றைக் காட்டிலும் நுட்பமான விதி வேறொன்று. அவர்கள் விலையைக் குறைத்து விற்கவில்லை; ஊர் விலைக்கே விற்றார்கள். கணக்கு முடிந்தபின் மிஞ்சிய லாபத்தை, யார் எவ்வளவுக்கு வாங்கினார்களோ அந்த விகிதப்படி திருப்பிக் கொடுத்தார்கள்.

இதை நம் பழைய அணாக் கணக்கில் பார்த்தால் எளிதில் விளங்கும். மாதம் 40 ரூபாய்க்குச் சாமான் வாங்கும் குடும்பம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ரூபாய்க்கு ஓர் அணா வீதம் லாபம் திரும்பினால் மாதத்துக்கு 2 ரூபாய் 8 அணா. வருஷத்துக்கு 30 ரூபாய். தினந்தோறும் காலணா, அரையணாவாக விலை குறைந்திருந்தால் அது எங்கே போயிற்று என்றே தெரியாமல் கரைந்திருக்கும். வருஷ முடிவில் மொத்தமாகக் கைக்கு வரும்போது அது ஒரு புடவையாகவும், பள்ளிப் புத்தகமாகவும், சேமிப்பாகவும் ஆகிறது. குடும்பம் நடத்தியவர்கள் எழுதிய விதி இது என்று நமக்குத் தோன்றுகிறது. வெறும் வியாபாரிக்கு இந்த யோசனை வந்திராது.

இந்தியாவில் கூட்டுறவைப் பற்றிய பேச்சு முதலில் விவசாயக் கடனில்தான் எழுந்தது. சென்னை மாகாண சர்க்கார் கேட்டுக்கொண்டபடி பிரடெரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் தம் அறிக்கையை அளித்தார். 1904 மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறிற்று. அந்தச் சட்டத்தின் கருத்தெல்லாம் கடன் கொடுக்கும் சங்கங்களைப் பற்றியதே. பண்டம் வாங்கி விற்கும் சங்கத்துக்குச் சட்டத்தில் தெளிவான இடம் கிடைத்தது 1912இல்தான். ஆனால் சென்னை திருவல்லிக்கேணியில் சிலர் 1912 வரை காத்திருக்கவில்லை. சட்டம் வந்த மறுமாதமே, 1904 ஏப்ரலில், திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'டி.யூ.சி.எஸ்.' என்று சென்னைவாசிகள் சொல்லுவது இதைத்தான். அதன் ஸ்தாபகர்களில் ஒருவர், பின்னாளில் ரைட் ஆனரபிள் பட்டம் பெற்று உலகப் புகழடைந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராயிருந்தவர். ஆங்கிலப் பேச்சுக்காக அவரைப் போற்றுவோர் பலர். பருப்புக்கும் புளிக்கும் நியாயமான விலை வேண்டுமென்று உழைத்ததற்காக அவரை நினைப்போர் சிலரே.

திருவல்லிக்கேணியில் இது பிறந்தது தற்செயலன்று. குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள் என்று மாதச் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்கள் அங்கே நெருங்கியிருந்தன. மாதச் சம்பளம் என்பது மளிகைக் கடையில் மாதப் பற்று என்று பொருள். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் எழுதுவார்; சம்பள நாளன்று பாக்கி தீர்ப்போம்; அன்றைக்கே புதிய பற்று தொடங்கும். கடனுக்கு வட்டி என்று தனியாக யாரும் கேட்பதில்லை. அது பருப்பின் விலைக்குள்ளும், எடைக் குறைவுக்குள்ளும், இரண்டாம் தரச் சரக்குக்குள்ளும் ஒளிந்திருக்கும். கடைக்காரரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. பத்து வீட்டில் இரண்டு வீடு பாக்கி வைத்தால் அந்த நஷ்டத்தை மற்ற எட்டு வீட்டின் மேல் போடாமல் அவர் எப்படிப் பிழைப்பார்? ஒழுங்காகப் பணம் கட்டுகிறவரே கட்டாதவரின் கடனையும் சுமக்கிறார் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியூருக்குப் போன தமிழர் அதில் பட்ட பாடு தனிக்கதை. நம் ஊரில் 3 தோலா ஒரு பலம். 8 பலம் ஒரு சேர். 5 சேர் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. இன்றைய கணக்கில் நம் சேர் சுமார் 280 கிராம். கல்கத்தா சென்று இறங்கினால் அங்கும் சேர் உண்டு; அது 80 தோலா, அதாவது சுமார் 933 கிராம். மணங்கும் அப்படியே. சென்னையில் 25 ராத்தல், பம்பாயில் 28 ராத்தல், வங்காளத்தில் 82 ராத்தலுக்குச் சற்று மேல். பெயர் ஒன்று, பொருள் மூன்று. ஊரிலிருந்து வரும் கடிதத்தில் 'இங்கே சேர் இன்ன விலை' என்று எழுதியிருந்தால், கல்கத்தாவில் படிப்பவர் அதைக் கொண்டு மலிவா, கிராக்கியா என்று தீர்மானிக்கக் கணக்குப் பாடம் போட வேண்டியிருந்தது. நம் ஊர்ப் படியிலோ குவித்து அளப்பது ஒரு விலை, தலை வழித்து அளப்பது ஒரு விலை.

1956இல் எடை அளவுத் தரச் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் புழக்கத்துக்கு வரத் தொடங்கி, 1962 ஏப்ரலில் நாடு முழுவதும் கிலோகிராமே கட்டாயமாயிற்று. அதற்கு முன்னரே, 1957 ஏப்ரலில், நயா பைசா வந்துவிட்டது. அணாவைப் பைசாவாக்கும்போது சில்லறைக் கடைகளில் அரைப் பைசாவெல்லாம் முழுப் பைசாவாகிறது என்று அக்காலத்தில் முணுமுணுக்காத வீடு இல்லை. ஆயினும் மளிகைச் செலவைக் குறைத்த சீர்திருத்தங்களில் கிலோகிராமை முதல் வரிசையில் வைக்கலாம். விலையை ஒப்பிட முடியாத இடத்தில் சிக்கனம் செய்ய முடியாது.

இடையில் யுத்தம் வந்தது. 1943இல் வங்காளத்தில் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதே ஆண்டு பம்பாயிலும், 1944 தொடக்கத்தில் கல்கத்தாவிலும் ரேஷன் முறை வந்தது. அரிசியே உணவாகக் கொண்ட நம்மவர் கோதுமை மாவை வாங்கி, அதை என்ன செய்வது என்று அண்டை வீட்டு வடநாட்டு அம்மாளிடம் கற்றுக்கொண்ட காலம் அது. சப்பாத்தி நம் வீட்டுச் சமையலில் வேரூன்றியதில் ரேஷனுக்கும் பங்கு உண்டு. 1952இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார்; 1954இல் நாடெங்கும் கட்டுப்பாடு தளர்ந்தது. ஆனால் நியாயவிலைக் கடை மறையவில்லை.

யுத்தத்துக்குப் பின் பண்டகசாலை இயக்கம் பல நகரங்களில் தழைத்தது. 1948இல் பம்பாய் நாய்காவ் பகுதியில் ஆலைத் தொழிலாளர் தொடங்கிய கடை, 'அப்னா பஜார்' என்று பெயர் பெற்று வளர்ந்தது. 1962இல் சீனப் போர் மூண்டபோது விலைவாசி எகிறாமல் தடுக்க மத்திய சர்க்கார் நுகர்வோர் பண்டகசாலைகளுக்கு உதவும் திட்டத்தைத் தொடங்கியது. 1963இல் டில்லியில் மத்திய சர்க்கார் ஊழியர்களுக்காகக் 'கேந்திரீய பண்டார்' ஏற்பட்டது. தலைநகரத்துச் செயலகங்களில் பணிபுரிந்த நம்மவருக்கு அது பழகிய வாசல். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அடுத்த மாதமே கன்னாட் பிளேஸில் 'சூப்பர் பஜார்' திறக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் அரிசி முதல் ஆடை வரை கிடைக்கும் அந்தக் கடையில் மக்கள் கூட்டம் அலைமோதியது.

அந்தச் சூப்பர் பஜார் பின்னாளில் நஷ்டத்தில் மூழ்கியது. 2002இல் அதைக் கலைக்க உத்தரவாயிற்று. பெயரில் அது கூட்டுறவு. மூலதனத்தில் பெரும்பகுதியோ சர்க்காருடையது. வாங்க வந்தவர் வாடிக்கைக்காரராகவே வந்து வாடிக்கைக்காரராகவே போனார். கணக்குக் கூட்டத்தில் எழுந்து, 'எண்ணெய் ஏன் இந்த விலை?' என்று கேட்கவேண்டிய கடமை தமக்கு உண்டென்று நினைத்தவர் எத்தனை பேர்? நல்ல நிர்வாகிகள் இல்லை, சிப்பந்திகள் அதிகம் என்று பல காரணம் சொல்லலாம். டோடு லேனில் கடையைத் திறந்தவர்களே அங்கே சாமான் வாங்கினார்கள் என்பதை நினைத்தால் வித்தியாசம் விளங்கும். திருவல்லிக்கேணிச் சங்கம் ஒரு நூற்றாண்டைத் தாண்டி இன்றும் சென்னையில் நியாயவிலைக் கடைகளை நடத்தி வருகிறது. தொடக்க நாட்களின் உறுப்பினர் உற்சாகம் இன்றும் அதேபோல் இருக்கிறது என்று நாம் சொல்ல மாட்டோம். அஸ்திவாரம் அவர்கள் போட்டது என்பதில் மட்டும் ஐயமில்லை.

1972இல் பம்பாய்ப் பெண்கள் வேறொரு முறையைக் கையாண்டார்கள். மிருணாள் கோரே, அகல்யா ராங்கணேகர் முதலியோர் தலைமையில் விலைவாசி எதிர்ப்புக் குழு அமைத்து, தட்டும் சப்பாத்திக் குழவியும் ஏந்தித் தெருவில் ஊர்வலம் வந்தனர். சமையலறைக் கருவிகளின் ஓசை மந்திரிகளின் காதில் விழுந்தது. ஊர்வலம் முடிந்து வீடு திரும்பினால் மறுநாளும் அதே கடைக்குத்தானே போகவேண்டும் என்ற கேள்வி நின்றது.

அதற்கு விடை போல 1975இல் மும்பை கிராஹக் பஞ்சாயத்து தோன்றியது. அதற்குக் கடையே கிடையாது. அண்டை அயல் குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்கின்றன. மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார்கள். எல்லாப் பட்டியல்களையும் கூட்டி, பஞ்சாயத்து மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. குறித்த நாளில் சரக்கு ஒரு வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்கிறது. உறுப்பினரே முறை வைத்துப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். கடை வாடகை இல்லை. கண்ணாடி அலமாரி இல்லை. பாக்கிப் புத்தகமும் இல்லை. வேண்டியது, அடுத்த மாதத் தேவையை இந்த மாதமே யோசிக்கும் பழக்கமும், மாதத்தில் ஒரு நாள் அயலாருடன் சேர்ந்து உழைக்கும் பொறுமையும். ஊரை விட்டு வந்த நமக்கு இரண்டாவது எளிது. மார்கழி பஜனைக்கும் கொலுவுக்கும் கூடும் கூட்டம் பருப்பு மூட்டைக்கும் கூடக்கூடாதா?

ரேஷன் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் மாறினால் கார்டு பயன்படாது என்ற பழைய நிலை 2019இல் மாறத் தொடங்கிற்று. 'ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு' திட்டம் அவ்வாண்டு சில மாநிலங்களில் ஆரம்பித்து 2022இல் நாடு முழுவதையும் எட்டியது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் குடும்பங்கள், தமிழ்நாட்டுக் கார்டைக் கொண்டே சூரத்திலோ புனாவிலோ தங்கள் பங்குத் தானியத்தைப் பெறலாம். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்திருக்கும் நம்மவருக்கு இதைத் தெரிவிப்பது அவசியம்; விரல் ரேகையைப் பதித்து, ஊரில் மீதியிருப்போர் பங்கு போகத் தம் பங்கை மட்டும் இங்கே வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது.