பெயருக்குக் கீழே என்ன எழுதுவது?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் தொழிலில் ஒரு சின்ன வேலை உண்டு. திரையில் ஒருவருடைய முகம் தெரியும்போது அதன் அடியில் ஒரு வரி வரும். முதலில் பெயர். அதற்குக் கீழே அவர் யார் என்று இரண்டு மூன்று சொல். அதற்கு மேல் இடம் கிடையாது. நாலு விநாடியில் மறைந்துவிடும். ஆனால் பார்க்கிறவர் மனத்தில் நிற்பது பெரும்பாலும் அந்த வரிதான்.

கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றி அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து வழங்க எழுத்துப்படி என் கைக்கு வந்தது. அதில் ‘ஆர்.எச். நாதன் – கலகக்காரர்’ என்று இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, ‘எஸ்.ஏ. கணபதி – தூக்கிலிடப்பட்ட பயங்கரவாதி’. எழுதியவர் எங்கள் குழுவில் உள்ள ஒரு தம்பி. நல்ல பிள்ளை, உழைப்பாளி. “ஏன் தம்பி இப்படி?” என்று கேட்டேன். “அக்கா, அந்தக் காலத்துப் பேப்பர்ல அப்படித்தான் இருக்கு” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பேப்பர் யாருடையது என்பதுதான் கேள்வி.

அன்றைய மலாயாவின் ஆங்கில ஏடுகளைப் படித்தவர்களும் விளம்பரம் தந்து தாங்கியவர்களும் பெரும்பாலும் தோட்டத் துரைமார், வணிகக் கம்பெனியார், அரசாங்க அதிகாரிகள். மரம் சீவியவன் வீட்டுக்கு அந்த ஏடு வரவில்லை. வந்திருந்தாலும் அவனால் படித்திருக்க முடியாது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாமலேயே அவன் ‘கலகக்காரன்’ ஆனான்.

நாதன் அப்படி அல்ல. அவர் நம்ம ஆள், அதாவது பத்திரிகைக்காரர். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ நாளேட்டில் துணையாசிரியராக இருந்தவர். அவரும் ஒய்.கே. மேனனும் முன்னின்று நடத்திய அமைப்புதான் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம்.

1941-ஆம் ஆண்டு நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் போர் நடக்கிறது. ரப்பருக்கு உலகெங்கும் கிராக்கி. தோட்டக் கம்பெனிகளுக்கு நல்ல காலம். ஆனால் தமிழ்த் தொழிலாளியின் நாள் சம்பளம் ஐம்பது காசை ஒட்டியே நின்றது. அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளி அதைவிடக் கணிசமாக அதிகம் வாங்கினார். அரிசியும் துணியும் விலை ஏறிக்கொண்டே போயின. சம்பளத்தில் கைவைக்கிறார்கள் என்பதற்காக 1938-லேயே இந்திய அரசாங்கம் இங்கே கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்திருந்தது. ஆகவே தொழிலாளர்கள் சம்பளம் கேட்டதில் வியப்பில்லை. அவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்பதுதான் என்னை உட்கார வைத்தது.

கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளிக்கு இணையான சம்பளம் அதில் ஒன்று. அடித்து உதைக்கும் மேலாட்களை நீக்கிவிட்டுத் தமிழ் தெரிந்தவர்களை வையுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தாருங்கள். ஒழுங்கான மருத்துவ வசதி தாருங்கள். எங்கள் பெண்களிடம் வெள்ளைக்காரத் துரைமாரும் கறுப்புத் துரைமாரும் முறைகேடாக நடப்பதை நிறுத்துங்கள். கள்ளுக்கடைகளை மூடுங்கள். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் வந்துபோக விடுங்கள். பேசவும் கூடவும் சங்கம் வைக்கவும் உரிமை வேண்டும். குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது.

இன்னொன்று, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போக அனுமதி.

இதைப் படித்ததும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் மரம் வெட்டியவர். ஓய்வு பெற்றுத் தாமானில் எங்களோடு இருந்த காலத்திலும் சைக்கிள் வைத்திருந்தார். எதிரே கோட்டும் சட்டையுமாக யாராவது வந்தால் சட்டென்று இறங்கி ஓரமாக நிற்பார். “ஏன் தாத்தா இறங்குறீங்க?” என்று கேட்டால், “பழக்கம்மா” என்பார். அவ்வளவுதான். சின்ன வயதில் அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

சைக்கிள் கோரிக்கையைக் கேலி செய்தவர்கள் அன்று உண்டு, இன்றும் உண்டு. ஐந்து காசுக்கும் பத்து காசுக்கும் போராடியவர்கள் சைக்கிளை ஏன் இழுத்தார்கள் என்று கேட்கிறார்கள். சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தால் ஆளைப் பழையபடி வேலைக்கு அனுப்பிவிடலாம். சைக்கிளில் இருந்து இறங்காதவனை என்ன செய்வது? அந்த ஒரு வரி துரைமாரை உறுத்தியிருக்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் காந்தி குல்லாய் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்ததே அவர்கள் கண்ணுக்குக் கலகமாகத் தெரிந்தது.

இனி வழக்குக்கு வருவோம். நாதன் மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு இதுதான்: தொழிலாளி தன்போக்கில் சாதுவானவன், வெளியிலிருந்து வந்த ஒருவர் அவனைத் தூண்டிவிட்டார், போர்க்காலத்தில் ரப்பர் உற்பத்தியைக் கெடுத்தார், இரத்தம் சிந்த வைத்தார். 

நாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும். முதல் கட்ட வேலைநிறுத்தங்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடந்தன. சம்பளத்தில் சிறிய உயர்வு கிடைத்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மே 5-ஆம் நாள் நாதனைக் கைது செய்தார்கள். அடுத்த நாளே வேலைநிறுத்தம் மறுபடி வெடித்தது. ‘நாதனை விடு’ என்று தோட்டம் தோட்டமாக ஆட்கள் கிளம்பினார்கள். கிள்ளானைத் தாண்டிச் சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. இருபதாயிரம் பேர் வரை வேலையை நிறுத்தியதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மே நடுவில் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். இராணுவம் வந்தது. வந்த துருப்புகளில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பது இந்தக் கதையில் இன்னொரு கசப்பு. ஐந்து தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அறுபதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டனர்.

அந்த நாள்களில் ‘தூண்டிவிட்டவர்’ எங்கே இருந்தார்? காவலில் இருந்தார். பூட்டிவைக்கப்பட்ட ஒருவர் எப்படித் தோட்டம் தோட்டமாகப் போய்த் தூண்டிவிட முடியும்?

தொழிலாளர் பக்கம் ஒரு தவறும் இல்லை என்று நான் சொல்லவில்லை. கள்ளுக்கடைகள் தாக்கப்பட்டன. மேலாட்கள் சிலர் அடிபட்டார்கள். அதை மறைத்துவிட்டு நாதனுக்கு மாலை போட்டால் நானும் அந்த ஆங்கில ஏட்டைப் போலத்தான் ஆவேன். ஆனால் செய்தி எழுதும் முறையைப் பாருங்கள். டிப்ளோமா வகுப்பில் எங்களுக்கு ஒரு பயிற்சி தருவார்கள். ஒரு வாக்கியத்தில் செய்தவர் யார் என்று தேடு என்பார்கள். ‘கூலிகள் கல்லெறிந்தார்கள்’ என்று எழுதினால் செய்தவர் முன்னால் நிற்கிறார். ‘துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது’ என்று எழுதினால் யாருமே சுடவில்லை, சூடு தானாக நிகழ்ந்துவிட்டது, மழை பெய்த மாதிரி! இந்த வித்தை இன்றும் எங்கள் செய்தி அறைகளில் இருக்கிறது. நானே வாசித்திருக்கிறேன்.

நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். இன்னும் பலர் அதே கதிக்கு ஆளானார்கள். ஏழு மாதம் கழித்து, 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. தோட்டத்துக் கூலி தன் முன்னால் சைக்கிளில் போகக்கூடாது என்ற துரைமாரில் பலர், கிடைத்த வண்டியில் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். தோட்டத்து இளைஞர்கள் பிறகு இந்திய தேசிய இராணுவத்தில் ஏன் அவ்வளவு பேர் சேர்ந்தார்கள் என்று கேட்பவர்கள் 1941 மே மாதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கணபதி கதை

நாதனைக் காப்பாற்றிப் பேசுவது எளிது. கணபதி விஷயம் அப்படி அல்ல. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் 1912-இல் பிறந்து சிறு வயதிலேயே இங்கு வந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பிறகு தொழிற்சங்கத்துக்கு வந்து, 1947-இல் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், சீனரும் இந்தியரும் மலாய்க்காரரும் கலந்த அமைப்பு. அதற்கு ஒரு தமிழர் தலைவர். 1948 ஜூனில் சட்டத்தைத் திருத்தி அந்தச் சம்மேளனத்தையே இல்லாமல் ஆக்கினார்கள். சில நாள்களில் அவசரகாலம் வந்தது.

அவர் கம்யூனிஸ்டா? ஆமாம், கட்சியோடு தொடர்புடையவர்தான். அவரைப் போற்றுகிறவர்கள் சிலர் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகள் கையால் இறந்தவர்களின் குடும்பங்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. காவல்துறையில், இராணுவத்தில் பணியாற்றி மாண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்களுடைய கோபத்தைத் தவறு என்று நான் சொல்ல முடியாது.

ஆனால் ‘பயங்கரவாதி’ என்று எழுதினால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? யாரையோ கொன்றதற்காகத் தூக்கில் போட்டார்கள் என்றுதான் நினைப்பார். கணபதி மேல் இருந்த குற்றச்சாட்டு கொலை அல்ல. ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதுதான். அதற்கே மரண தண்டனை என்று அவசரகால விதி சொன்னது. 1949 மார்ச் 1-இல் ரவாங் வட்டாரத்தில் பிடிபட்டார். துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கத்தான் கொண்டு போனேன் என்று அவர் தரப்பு சொன்னது. நீதிமன்றம் நம்பவில்லை. மேல்முறையீடு தள்ளுபடியானது. நேரு அரசாங்கம் கருணை காட்டும்படி கேட்டும் பலனில்லை. மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பிடிபட்ட நாளிலிருந்து எண்ணினால் 64 நாள். அதற்கு முதல் நாள்தான் அவருடைய தோழர், சிங்கப்பூர்த் தொழிற்சங்கத் தலைவராக இருந்த வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

அதே காலத்தில் அதே சட்டத்தின் கீழ் ஜொகூரில் பிடிபட்ட சாம்பசிவம் என்பவருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். அவர் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தோட்டா வைத்திருந்த குற்றத்தில் அவரை விடுவித்த பிறகு, அந்த விடுதலையே இல்லாததுபோல் பாவித்துத் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டித்தது செல்லாது என்று 1950-இல் தீர்ப்பானது. உயிர் தப்பினார். இன்றும் உலகெங்கும் சட்டம் படிக்கிற பிள்ளைகள் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். இரண்டு வழக்கும் ஒன்றல்ல, சட்டப் பிரச்சினைகள் வேறு. ஆனால் சாம்பசிவத்துக்கு மறுபடி பார்க்க நேரம் கிடைத்தது. கணபதிக்கு 64 நாள்.

சொற்கள் பற்றி ஒரு செய்தி. தொடக்கத்தில் பிரிட்டிஷார் காட்டில் இருந்தவர்களைக் ‘கொள்ளைக்காரர்’ என்றே அழைத்தார்கள். கொள்ளைக்காரனைப் பிடிக்க ஏன் இவ்வளவு பட்டாளம் என்ற கேள்வி வருமல்லவா? 1952-இல் ‘கம்யூனிஸ்டு பயங்கரவாதி’ என்று மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஏடுகள் மாற்றிக்கொண்டன. எங்கள் தம்பி எழுதிய அந்தச் சொல், கணபதி தூக்கிலேறி மூன்று ஆண்டு கழித்து அரசாங்கம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சொல்!

பெயர் சூட்டும் பழக்கம் வெள்ளைக்காரனோடு கப்பலேறிப் போய்விடவில்லை. 2007 நவம்பர் 25 கோலாலம்பூர் பேரணியையும் அதையடுத்து ஐவரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது காதில் விழுந்த சொற்களையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சட்டமே 2012-இல் நீக்கப்பட்டது. அந்தத் தலைவர்களின் பிற்கால அரசியல் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு, அதற்கு இது இடமல்ல.

நிகழ்ச்சிக்காகப் புடு சிறை இருந்த இடத்துக்குப் படப்பிடிப்புக்குப் போனோம். சிறை 1996-இல் மூடப்பட்டது, பிறகு இடிக்கப்பட்டது. இன்று அங்கே பெரிய பேரங்காடி. உள்ளே குளிர்சாதனம், ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைகள், விடுமுறைக் கூட்டம். தூக்குமேடை எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று எங்கள் ஒளிப்பதிவாளர் கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்சில் தேநீருக்கு நிறுத்தினோம். அந்த இரண்டு வரிகளை அங்கே உட்கார்ந்துதான் திருத்தினோம். நாதனுக்கு எளிதாக முடிந்தது: ‘துணையாசிரியர், தமிழ் நேசன்’. அவர் வாங்கிய சம்பளச் சீட்டில் என்ன இருந்திருக்குமோ அதுவே. கணபதிக்கு வந்தபோது தம்பி, ‘தியாகி’ என்று போடலாமா என்றார். வேண்டாம் என்றேன். அதுவும் நாம் சூட்டுகிற பெயர்தானே. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ‘தொழிற்சங்கத் தலைவர், தூக்கு 1949’ என்று எழுதினோம். நாலு சொல். திரையில் இடம் போதவில்லை, எழுத்தைச் சிறிதாக்கிப் போட்டோம்.