‘போதும், நிறுத்திக்கொள்கிறேன்!’

1977. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத்துக்கு ப்ரூஃப் வந்தது. ‘கம்ப்யூட்டர் புரோகிராமிங் கலை’ என்ற அவருடைய புகழ்பெற்ற நூலின் இரண்டாம் பாகம், புதிய பதிப்பு. பிரித்துப் பார்த்தவருக்குத் ‘திக்’கென்றது! பழைய ஈய அச்சு போய் போட்டோ டைப்செட்டிங் வந்திருந்தது. எழுத்துகள் சகிக்கவில்லை.

வேறு ஆளாக இருந்தால் பதிப்பாளருக்குச் சூடாக ஒரு கடிதம் போட்டிருப்பார். கனூத், அச்சுக்கோர்க்கும் மென்பொருளையே தானே எழுத உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷ வேலை என்று நினைத்தார். பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. பெயர், டெக். (கடைசி எழுத்து ஆங்கில எக்ஸ் அல்ல, கிரேக்கம். ‘டெக்ஸ்’ என்றால் நமக்கு லயன் காமிக்ஸ் கௌபாய்தான் ஞாபகம் வருவார்!)

அதை இலவசமாகவே கொடுத்தார். கணித உலகம் கொண்டாடியது. கூடவே, ‘எல்லாம் பிரமாதம் சார்... இது ஒண்ணு மட்டும் சேர்த்துட்டீங்கன்னா’ ரக வேண்டுகோள்களும் வந்தன.

சிலவற்றில் நியாயம் இருந்தது. டெக் 128 குறியீடுகளைத்தான் உள்ளே வாங்கும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். எழுத்தின் தலையில் கோடும் புள்ளியும் வைக்கிற பிரெஞ்சு, ஜெர்மன்காரர்கள் எங்கே போவார்கள்? 1989-ல் ஸ்டான்ஃபோர்டில் கூடிய பயனாளர் கூட்டத்தில் ஐரோப்பியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கனூத் இறங்கிவந்தார். 256 குறியீடுகளோடு பதிப்பு 3.0 பிறந்தது.

அத்தோடு சரி! 1990-ல் அறிவித்துவிட்டார்: மோசமான பிழை இருந்தால் திருத்துவேன், புதிதாக எதையும் சேர்க்கமாட்டேன். எதையும் இன்னும் மேம்படுத்தலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இன்று வருகிற அதே பக்கம் நூறு வருஷம் கழித்தும் வரவேண்டும் என்று காரணமும் சொன்னார்.

இதென்ன வீம்பு என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால், டெக் வரிவரியாக யோசிப்பதில்லை. பத்தி முழுவதையும் எடைபோட்டுத்தான் வரிகளை உடைக்கிறது. எங்கோ ஓர் எழுத்து மயிரிழை நகர்ந்தால் வரி மாறும், பக்கம் மாறும், பழைய புத்தகத்தின் பக்க எண்களெல்லாம் பொய்யாகும். அதனால்தான் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே விடை வர, ஒளியின் அலைநீளத்தில் சுமார் நூறில் ஒரு பங்கு நுணுக்கத்தில், முழு எண்களாகவே கணக்குப் போட்டார். ஒரே ஒரு நல்ல யோசனை அத்தனையையும் கலைத்துவிடும்!

சொந்த நஷ்டமும் உண்டு. 1973-ல் மூன்றாம் பாகத்தோடு நின்ற அவருடைய நூலின் நான்காம் பாகம், அதுவும் முதல் பகுதி மட்டும், புத்தகமாக வந்தது 2011-ல்.

கதவை அடியோடு சாத்தவில்லை அவர். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். 2004-ல் வந்த ஸீடெக் அப்படிப் பிறந்ததுதான். யூனிகோடு தமிழ் அதில் அழகாக ஓடுகிறது.

பிழை கண்டுபிடித்தால் பரிசு 327 டாலர் 68 சென்ட். பிழை திருத்தும்போது பதிப்பு எண்ணில் ஓர் இலக்கம் கூடும்: 3.1, 3.14, 3.141... 2021-ல் 3.141592653. தன் மறைவுக்குப் பிறகு எண்ணை ‘பை’ என்றே நிரந்தரமாக வைத்துவிட வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். அன்றைக்கு மிச்சமிருக்கும் பிழைகளெல்லாம் அதற்குப் பிறகு பிழைகள் அல்ல, வசதிகளாம்!