கப்பலேறிய பெயர்களும் மூவாரில் மறைந்த பெயர்களும்

போரில் உயிர்நீத்தோரின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டுவது உலக நாடுகள் பலவற்றில் நிலவும் மரபாகும். வீழ்ந்த வீரனின் பெயரையும் செயலையும் நடுகல்லில் பொறித்த தமிழர்க்கு இதன் நோக்கம் புதிதன்று. எவர் பெயர் இவ்வாறு நிலைபெறுகிறது, எவர் பெயர் விடுபடுகிறது என்பதை மூவார்ப் போரின் பின்னணியில் இக்கட்டுரையில் நோக்குவோம்.

ஆஸ்திரேலியா 1990 முதல் கட்டிய ஆறு காலின்ஸ் வகை நீர்மூழ்கிக் கப்பல்களுள் நான்கு, இரண்டாம் உலகப் போரில் மடிந்தவர்களின் பெயர்களைத் தாங்குவன. வாலர், ராங்கின், டெஷனோ ஆகிய மூவரும் கப்பல் தலைவர்கள். நான்காமவரான டெடி ஷீன் பதினெட்டே வயதுடைய கடைநிலை மாலுமி. 1942 டிசம்பர் 1ஆம் நாள் ஆர்மிடேல் கப்பல் மூழ்கியபோது, துப்பாக்கியை விட்டு அகலாது பகை விமானங்களைச் சுட்டவாறே அவர் மாண்டார். அவருக்கு விக்டோரியா சிலுவை விருது 2020இல்தான் வழங்கப்பெற்றது.

அரச மலேசியக் கடற்படையோ பழைய மலாய் அரசுகளின் வீரர்களை நினைவுகூர்கிறது. ஹங் துவா, ஜெபாட், லெக்கியு ஆகியோரோடு, போர்த்துக்கீசியரை எதிர்த்த லக்சமணா ஹங் நாடிமும் கப்பற்பெயர் ஆகியுள்ளார். 1511இல் மலாக்கா வீழ்ந்தபின் சுல்தான் மஹ்மூத் மூவார் வழியாகவே பின்வாங்கினார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. இந்தியா, 1971 வரை பரம் வீர் சக்ரா பெற்ற பதினைவரின் பெயர்களை 1980களில் எண்ணெய்க் கப்பல்களுக்கு இட்டது. இவர்கள் அனைவரும் விடுதலைக்குப் பின்னர்ப் போரிட்டவர்கள்.

இனி மூவாருக்கு வருவோம். 1942 ஜனவரி நடுப்பகுதியில் மூவார் ஆற்றங்கரையைக் காத்து நின்றது 45ஆம் இந்தியக் காலாட்படையணி. ராஜபுதன, ஜாட், கார்வால் படைப்பிரிவுகளைச் சேர்ந்த அவ்வீரர்களுள் பலர் போதிய பயிற்சியற்ற இளைஞர்கள். ஜப்பானியப் பேரரசுக் காவற்படையின் தாக்குதலில் அப்படையணி சிதைந்தது. அதன் தலைவர் டங்கனும் மாண்டார். பின்வாங்கும் வழியில் பாரிட் சூலோங்கில் விடப்பட்ட காயமுற்ற ஆஸ்திரேலியரும் இந்தியரும் ஜனவரி 22ஆம் நாள் கொல்லப்பட்டனர். இக்குற்றத்திற்காகத் தளபதி நிஷிமுரா 1951இல் தூக்கிலிடப்பட்டார்.

இவ்விந்திய வீரர்களின் பெயரை எக்கப்பலும் தாங்கவில்லை. அவர்களை ஏவிய பேரரசு மறைந்தது. விடுதலை பெற்ற இந்தியா தன் போர்களின் வீரர்களைப் போற்றியது. மலேசியாவுக்கோ அவர்கள் அந்நியப் படையினர். அவர்கள் தமிழரல்லர் ஆதலின், சயாம் மரண இரயில்பாதையில் மாண்ட தம் உறவினரை நினைக்கும் இந்நாட்டுத் தமிழரின் நினைவிலும் இடம்பெறவில்லை. ஆகவே, கப்பற்பெயர் வீரத்தை மட்டும் அளப்பதன்று. இறந்தவனைத் தன்னவன் என்று உரிமை கொண்டாட ஓர் அரசு உண்டா என்பதையும் அது காட்டுகிறது எனலாம்.

சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் கல்லறை அறியப்படாத வீரர்களாக 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மூவார்ப் போரை வகுப்பில் கற்பிக்கும் நாம், அப்பட்டியலிலுள்ள இப்படையணியினரின் பெயர்களையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும். அரசு உரிமை கோராதவர்களுக்கு ஆசிரியரேனும் உரிமை கோருதல் தகும்.